பட்டினி ஊர்வலமும் வலியசாலை மோர்ப்பந்தலும்

திருநெல்வேலியில் ஒரு பள்ளிக்கூடத்தில் பூகோளம் சொல்லிக்கொடுப்பது என் உத்தியோகம். உலகத்து நதிகளையெல்லாம் கரும்பலகையில் ஓடவிடுகிற மனுஷன், சொந்தக் காலால் தாமிரபரணியைத் தாண்டினதில்லை என்று சக வாத்தியார்கள் கேலி செய்வார்கள். அது பொறுக்காமல்தான் சில வருஷங்களாக லீவு விட்டதும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு எங்கேயாவது கிளம்பிவிடுகிறேன். போய்வந்த பிறகு, அதே வழியில் போகிறவர்களுக்கு உபயோகப்படட்டும் என்று நாலு பக்கம் எழுதியும் வைக்கிறேன்.

இந்தச் சித்திரையில் திருவனந்தபுரம் போனேன். என் அக்கா பகவதி அங்கே வலியசாலை அக்கிரகாரத்தில் வாழ்க்கைப்பட்டவள். ஊருக்கு வரும்போதெல்லாம், "காசிக்குப் போறவனுக்கு அக்கா ஆத்துக்கு வழி தெரியலையாக்கும்" என்று குத்திக்காட்டிவிட்டுப் போவாள். நாகர்கோவிலிலிருந்து திருவாங்கூர் சர்க்காரே நடத்துகிற புது பஸ்ஸில் ஏற வேண்டும் என்ற ஆசையும் இருந்தது. இவற்றுக்கெல்லாம் மேலே, ஊர்வலம்.

சீமையில் சண்டை ஆரம்பித்ததிலிருந்து நூல் விலையும் அரிசி விலையும் ஏறிக்கொண்டே போக, கூலி மட்டும் இருந்த இடத்தில் இருக்கிறது என்று அங்கே தென் தாலுக்காக்களின் நெசவுக்காரர்களும் வயல் வேலைக்காரர்களும் தலைநகரத்துக்கு நடந்தே போய் மனுக் கொடுக்கப் போவதாகப் பேச்சு. இருக்கிறவன் வீட்டுப் பத்தாயம் நிரம்பி வழிய, நெய்கிறவனும் நடுகிறவனும் கஞ்சிக்கு அலைவது என்ன நியாயம் என்பது அவர்கள் கேள்வி. எங்கள் ஊர்க் காப்பி கிளப்பில் இதைப் பற்றி இரண்டு கட்சி இருந்தது. ஒரு கட்சி இது தர்மம் என்றது, மறு கட்சி இது கலகம் என்றது. இரண்டு கட்சியிலும் ஒருவர்கூட அந்தத் தாலுக்காக்களில் ஒன்றான நெய்யாற்றின்கரையைக் கண்ணால் பார்த்ததில்லை. சரி, நேரில் போய் அந்த ஊர் ஜனங்கள் என்னதான் நினைக்கிறார்கள் என்று கேட்டுவிட்டு வருவோம் என்று கிளம்பினேன்.

திருநெல்வேலி ஜங்ஷனிலிருந்து காலை ஐந்தரைக்கு நாகர்கோவில் பஸ். ஐம்பது மைல், பதினாலு அணா. வள்ளியூர் தாண்டினதும் காற்று முகத்தில் அறைய ஆரம்பித்துவிடும். தலையில் துண்டு கட்டிக்கொள்ளுங்கள். ஆரல்வாய்மொழியில் சுங்கச் சாவடி. புகையிலை இருக்கிறதா, உப்பு இருக்கிறதா என்று பெட்டியைத் திறந்து பார்ப்பார்கள். அக்காவுக்காக நான் கொண்டுபோன வடகப் பொட்டலத்தை ஒரு சேவகர் இரண்டு தரம் முகர்ந்து பார்த்துவிட்டுத் திருப்பித் தந்தார். அங்கேயே பணத்தையும் மாற்றிக்கொள்வது நல்லது. நம் ரூபாய்க்கு அந்த ஊர்க் காசு இருபத்தெட்டரைச் சக்கரம். அந்த அரைச் சக்கரத்தைத் தராமல் மழுப்பப் பார்ப்பார்கள், விடாதீர்கள்.

நாகர்கோவிலில் இட்லி சாப்பிட்டுவிட்டுப் பத்து மணி சர்க்கார் பஸ்ஸைப் பிடித்தேன். மைலுக்கு அரைச் சக்கரம் வீதம் நாற்பத்திரண்டு மைலுக்கு இருபத்தொரு சக்கரம். சொன்ன நேரத்துக்கு வண்டி கிளம்பியது. இதை நான் தனியாகச் சொல்லக் காரணம், நம் பக்கத்துப் பஸ்களில் ஏறிப் பழகினவர்கள் நம்ப மாட்டார்கள் என்பதுதான்.

குழித்துறை ஆற்றைத் தாண்டிப் பாறசாலைக்குப் பக்கத்தில் வந்தபோது ஊர்வலத்தைப் பார்த்தேன். நான் ஏதோ பெரிய கூட்டம், கோஷம், ஆரவாரம் என்று மனசில் வைத்திருந்தேன். ரோட்டோரமாக இரண்டிரண்டு பேராக, சுமார் இருநூறு பேர், பேசாமல் நடந்துகொண்டிருந்தார்கள். பாதிப் பேர் பெண்கள். பஸ் ஹாரன் அடித்ததும் வேலியோரம் ஒதுங்கி நின்று, புழுதி அடங்கினதும் மறுபடி நடந்தார்கள். அன்றைக்கு ராத்திரி நெய்யாற்றின்கரை, மறுநாள் பாலராமபுரத்து நெசவுத் தெருக்களில் தங்கல், மூன்றாம் நாள் காலையில் பட்டணம் என்று கண்டக்டர் சொன்னார்.

என் பக்கத்தில் தக்கலையிலிருந்து ஏறின கருப்புக்கட்டி வியாபாரி ஒருவர் உட்கார்ந்திருந்தார். "நீங்கள் இதைப் பற்றி என்ன நினைக்கிறீர்கள்?" என்று கேட்டேன்.

"வெயில்ல நடக்கப்பட்ட பாவங்க. நியாயம் உண்டும், இல்லேண்ணு நான் பறயல்ல. ஆனா இவங்க எல்லாரும் நடந்தா பனை ஏறுகதுக்கு ஆரு? கருப்பட்டி எங்கேருந்து வரும்?" என்றார்.

கண்டக்டர் டிக்கெட் கட்டையைத் தட்டிக்கொண்டே, "அண்ணாச்சிக்குக் கருப்பட்டிக் கவலை" என்று சொல்லிவிட்டு முன்னால் போய்விட்டார். அவருடைய அபிப்பிராயம் என்ன என்று கேட்டதற்கு, "நான் சர்க்கார் யூனிபாரம் போட்டிருக்கேன் சார், எனக்கு அபிப்பிராயம் கிடையாது" என்றார்.

பன்னிரண்டரைக்குத் திருவனந்தபுரத்துத் தம்பானூர் பஸ் ஸ்டாண்டு. அங்கிருந்து வலியசாலை ஒரு மைல்கூட இல்லை. ஜட்கா வண்டிக்காரன் ஐந்து சக்கரம் கேட்டு மூன்றுக்கு இறங்கி வந்தான்.

அத்திம்பேர், அதாவது அக்காவின் கணவர், மகாதேவய்யர் ஒரு சர்க்கார் ஆபீசில் குமாஸ்தா. பதினெட்டு வருஷ சர்வீஸ். ஒரு காற்புள்ளி தப்பினாலும் காகிதத்தைத் திருப்பி எழுதுகிற ஆசாமி. வரும் ஆடியில் தலைமைக் குமாஸ்தா வேலை காலியாகிறது, அது அவருக்குத்தான் என்று தெருவே பேசிக்கொண்டிருந்தது. அக்காவுக்கு அந்தப் பேச்சில் பெருமைதான். ஆனாலும் என்னிடம், "வரட்டும், வந்தப்புறம் சொல்லிக்கலாம்" என்று அடக்கிவிட்டாள்.

மறுநாள் முழுதும் பட்டணம் சுற்றினேன். மிருகக்காட்சி சாலையைக் காலை எட்டு மணிக்குள் பார்த்துவிட வேண்டும். அதற்கு மேல் புலியும் தூங்கிவிடுகிறது, நமக்கும் தூக்கம் வருகிறது. அங்கிருந்து தெற்கே, கிழக்குக் கோட்டைக்கு நடந்து, பழவங்காடிப் பிள்ளையாருக்கு ஒரு தேங்காய் உடைத்துவிட்டு, சாலை என்கிற கடைத்தெருவில் நுழைந்தேன். எங்கள் ஊர்க்காரர் ஒருவர் அங்கே அரிசி மண்டி வைத்திருக்கிறார். பிள்ளைவாள் என்று சொன்னால் கடைத்தெருவில் எல்லோருக்கும் தெரியும். என்னைக் கண்டதும் மோர் வரவழைத்தார்.

"வே, வாத்தியாரே, நான் சொல்லுதேன் கேளும். அவனுவ கேக்கதுல தப்பே கெடையாது. ஒருத்தன் வீட்டுல நெல்லு முளைச்சுப்போய்க் கெடக்கு, ஒருத்தன் வீட்டுல பானை காஞ்சு கெடக்கு. எனக்கும் கண்ணு இருக்கில்லா? ஆனா அரிசி வெலைய ஏத்தினது நானா? நாளைக்கு எங் கடை முன்னால வந்து நின்னானுவன்னா நான் என்ன செய்ய?" என்றார். சொல்லிக்கொண்டே வெளியே அடுக்கியிருந்த மூட்டைகளை உள்ளே எடுத்து வைக்கும்படி ஆட்களுக்கு உத்தரவு போட்டார்.

பழவங்காடிக் காப்பி கிளப்பில் ஒரு வக்கீல் குமாஸ்தா, இது முழுக்க வெளியூர்க்காரர்கள் தூண்டிவிட்ட வேலை என்றார். எந்த வெளியூர் என்று பூகோள வாத்தியார் பழக்கத்தில் கேட்டுவிட்டேன். அவருக்குக் கோபம் வந்துவிட்டது. அவர் எதிரில் இருந்த ஒரு காலேஜ் வாலிபர், "நான் நூற்றுக்கு நூறு ஆதரவு" என்றார். நாளைக்கு வரப்போகிறீர்களா என்று கேட்டதற்கு, பரீட்சை இருக்கிறது என்றார். இப்படியாக நான் விசாரித்ததில் எனக்கு ஒன்று விளங்கிற்று. அவர்கள் நடப்பதைப் பற்றி யாருக்கும் பெரிய ஆட்சேபணை இல்லை. தங்கள் வாசல் வழியாக நடப்பதில்தான் ஆட்சேபணை.

சாயங்காலம் வலியசாலைக்குத் திரும்பினபோது ஊர்வலம் என் அக்கா வாசலுக்கே வந்துவிட்டிருந்தது. அதாவது, அதைப் பற்றிய சண்டை.

வலியசாலையில் ஒரு வழக்கம் உண்டு. சித்திரை வெயில் தொடங்கினதும், கரமனையிலிருந்து சாலைக் கடைத்தெருவுக்குப் போகிற பெரிய ரோட்டில் அக்கிரகாரம் வந்து சேரும் மூலையில் மோர்ப்பந்தல் போடுவார்கள். ஒரு நாளைக்கு ஒரு வீடு என்று முறை. முறை வந்த வீட்டார் மோர் கடைந்து, உப்பும் இஞ்சியும் நாரத்தை இலையும் போட்டு, காலையிலிருந்து பொழுது சாயும்வரை தாகத்தோடு வருகிற யாருக்கும் கொடுக்க வேண்டும். அக்கிரகாரத் தெருப் பக்கம் பந்தல் திறந்திருக்கும். அங்கே ஒரு பெஞ்சும், கவிழ்த்து வைத்த பித்தளை டம்ளர்களும். அது அக்கிரகாரத்தாருக்கும் அவர்களோடு ஒப்பானவர்களுக்கும். ரோட்டுப் பக்கம் ஓலைத் தட்டி. தட்டியில் ஒரு துளை, துளை வழியாக வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் பிளந்த மூங்கில்; அதற்குப் பாத்தி என்று பெயர். மற்றவர்கள் அதன் கீழே குனிந்து கை ஏந்தினால், உள்ளே இருப்பவர் பாத்தியில் மோரை விடுவார். கோயில் கதவுகளே எல்லா ஹிந்துக்களுக்கும் திறந்து சில வருஷம் ஆகிவிட்டது. பந்தலில் பாத்தி அப்படியே இருந்தது. யாரும் அதை நினைத்துக்கூடப் பார்க்கவில்லை. நானும்தான்.

மறுநாள் அக்காவின் முறை.

கோயில் முன் மண்டபத்தில் தெருவின் பெரியவர்கள் கூடி, ஊர்வலம் அந்த ரோட்டோடு வரப்போவதால் நாளை ஒரு நாள் பந்தலை மூடிவிடலாம் என்று முடிவு செய்திருந்தார்கள். அத்திம்பேர் வேறு ஒரு சேதியோடு ஆபீசிலிருந்து வந்திருந்தார். உத்தியோகஸ்தர்களோ அவர்கள் வீட்டாரோ ஊர்வலத்துக்கு எந்த விதத்திலும் ஒத்தாசை செய்யக்கூடாது என்று மேலதிகாரி எல்லோரையும் கூப்பிட்டு வாய்மொழியாகச் சொல்லி அனுப்பினாராம்.

"நல்லதாப் போச்சு. தெருவே மூடுன்னு சொல்லியாச்சு. நாம மூடிட்டுப் பேசாம இருப்போம்" என்றார் அத்திம்பேர்.

அக்கா அடுப்படியிலிருந்து வெளியே வந்தாள். "பாலை உறை குத்தியாச்சு. முறைன்னா முறைதான். மழை பேஞ்சாக்க மூடலாம், தீட்டுன்னா மூடலாம். ஆள் வரான்னு மூடினதா நான் கேட்டதே இல்லை."

"உத்தியோகம் போனா நீ முறை வச்சுண்டு என்ன பண்ணுவே? பதினெட்டு வருஷமாக்கும்."

"வெயில்ல வரவாளுக்கு மோர் குடுத்தா உத்தியோகம் போகுமா? அப்படி எங்கேயாவது ரூல் இருக்கோ? காட்டுங்கோ, மூடறேன்."

ரூல் என்றதும் அத்திம்பேர் யோசித்தார். எழுத்தில் இல்லாத உத்தரவு அவருக்கே கொஞ்சம் உறுத்தியிருக்க வேண்டும். கூடத்தில் அங்கும் இங்கும் நடந்துவிட்டு ஒரு வழி கண்டுபிடித்தார்.

"சரி, கேட்டுக்கோ. நீ தட்டிக்குப் பின்னாலேயே இரு. வெளியிலே வராதே. பாத்தியிலே விட்டுண்டே இரு. யார் கை ஏந்தறான்னு நோக்குத் தெரியாது, தெரியவும் வேண்டாம். யாராவது கேட்டா, வழிப்போக்காளுக்குக் குடுத்தேன், முகம் பாக்கலைன்னு நானும் சத்தியமாச் சொல்லலாம்."

எனக்கு அது அபாரமான யோசனையாகப் பட்டது. அக்காவும் ஒப்புக்கொண்டாள். அந்த மூங்கில் பாத்தி எங்கள் எல்லோரையும் காப்பாற்றிவிட்டது என்று நிம்மதியாகச் சாப்பிட்டோம்.

காலையில் நாலு பெரிய பானை மோர். தண்ணீர் இறைத்தது, இஞ்சி தட்டினது எல்லாம் நான். அத்திம்பேர் ஒன்பதரைக்குக் குடையோடு கிளம்பி, பந்தல் பக்கம் திரும்பாமலே போனார். பத்தரை மணிக்குக் கரமனைப் பக்கமிருந்து அவர்கள் வந்தார்கள். பாலராமபுரத்தில் இன்னும் பலர் சேர்ந்திருக்க வேண்டும், வரிசை நீண்டிருந்தது. எதிர்ப்புறம் ஆலமரத்தடியில் இரண்டு போலீஸ்காரர்கள். அக்கிரகாரத்து மனிதர்கள் கோயில் வாசலில் நின்று, சாமி கும்பிட வந்தவர்கள் போல முகத்தை வைத்துக்கொண்டு பார்த்தார்கள்.

பந்தலைக் கண்டதும் வரிசை கொஞ்சம் தளர்ந்தது. பாத்தியின் கீழே ஏழெட்டுப் பேர் குனிந்து கை ஏந்திவிட்டார்கள். அக்கா செம்பை மொண்டு தூக்கினாள். அப்போது ஒரு ஸ்திரீ வரிசையிலிருந்து விலகி, ரோட்டைச் சுற்றிக்கொண்டு, பந்தலின் தெருப் பக்கம் எங்கள் முன்னால் வந்து நின்றாள். நாற்பது வயது இருக்கும். உதடு வெடித்திருந்தது. காலில் துணி சுற்றியிருந்தாள். பெஞ்சின் மேல் கவிழ்த்திருந்த டம்ளர்களைப் பார்த்தாள்.

"அம்மா, டம்ளர் உண்டுல்லா. அதுல தருவியளா?" என்று கேட்டாள்.

கோபமாகக் கேட்கவில்லை. கடையில் சாமான் கேட்பது போலச் சாதாரணமாகத்தான் கேட்டாள். அக்கா தூக்கின செம்போடு நின்றாள். என்னைப் பார்த்தாள். உலகத்து நதிகளை ஓடவிடுகிற நான் ரோட்டைப் பார்த்தேன்.

"இந்தப் பக்கம் வேண்டாம், அங்கே பாத்தியிலே விடறேன். நன்னாக் குளிர்ந்திருக்கு" என்றாள் அக்கா. 

அந்த ஸ்திரீ தலையை ஆட்டினாள். "பாத்தியில வேண்டாம்மா. மூணு நாளாட்டு நடக்கோம். கைய ஏந்தப்பிடாதுண்ணு சொல்லித்தான் வீட்ட விட்டு எறங்கினது. இருக்கட்டும், தாகம் எங்களுக்குப் புதுசொண்ணும் இல்ல."

அவள் திரும்பிப் போனாள். "வாருங்க மக்களே, போவோம்" என்று அவள் சொன்னது கேட்டது. தட்டியின் இடுக்கு வழியே பார்த்தேன். பாத்தியின் கீழே ஏந்தியிருந்த கைகள் ஒவ்வொன்றாகப் பின்வாங்கின. கடைசியாக ஒரு கிழவனார் கொஞ்சம் தயங்கிவிட்டு, ஈரம் படாத கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு போனார். வரிசை முழுவதும் அந்தப் பந்தலைக் கடந்து போயிற்று. ஒருவரும் குடிக்கவில்லை.

தெருவின் அபிப்பிராயம் உடனே வந்து சேர்ந்தது. கஞ்சிக்கு வழியில்லாதவர்களுக்கு இத்தனை மிடுக்கா என்றார் ஒருவர். மிடுக்கு இருப்பதால்தான் கஞ்சிக்கு வழியில்லை என்றார் இன்னொருவர். போலீஸ்காரர்கள் பார்த்தார்கள் அல்லவா, நம் தெருவுக்கு ஒரு கெட்ட பெயரும் இல்லை என்று மூன்றாமவர் சந்தோஷப்பட்டார். அக்கா பானைகளை மூடிவிட்டுப் பெஞ்சில் உட்கார்ந்தாள்.

எனக்கு அங்கே இருப்புக் கொள்ளவில்லை. ஊர்வலத்தின் பின்னாலேயே நடந்தேன். கோட்டை வாசலுக்கு இப்பால் போலீஸார் கயிறு கட்டி நிறுத்தி, ஐந்து பேரை மட்டும் மனுவோடு உள்ளே அனுப்பினார்கள். மற்றவர்கள் வெயிலிலேயே உட்கார்ந்துவிட்டார்கள். வேடிக்கை பார்க்க வந்த கூட்டம் உட்கார்ந்தவர்களைவிடப் பெரிது. பிள்ளைவாள் கடைக் கதவில் ஒரு பலகை மட்டும் திறந்திருந்தது. அதன் வழியாக அவர் மூக்கு தெரிந்தது.

மூன்று மணிக்கு ஆபீசுக்குப் பக்கத்துக் காப்பி கிளப்பில் அத்திம்பேரைப் பிடித்தேன். என்னைக் கண்டதும் எழுந்தே விட்டார்.

"குடிச்சாளா?"

"ஒருத்தரும் குடிக்கவில்லை, அத்திம்பேர்." நடந்ததைச் சொன்னேன்.

அவர் முகத்தில் அப்படி ஒரு ஆறுதலை நான் பார்த்ததில்லை. மேலதிகாரி மத்தியானமே கூப்பிட்டு, உங்கள் வீட்டுப் பந்தலாமே என்று விசாரித்தாராம். விசாரித்துச் சொல்கிறேன் என்று இவர் தவணை வாங்கிவந்திருக்கிறார். எனக்கு இரண்டாவது காப்பி வாங்கிக்கொடுத்து, ரவா தோசையும் சொல்லிவிட்டு, நேரே ஆபீசுக்குள் போனார். கால் மணியில் சிரித்துக்கொண்டு திரும்பி வந்தார். "எங்காத்திலேர்ந்து ஒருத்தருக்கும் ஒரு சொட்டுப் போகலைன்னு சொல்லியாச்சு. அவர் எழுதிண்டுட்டார். முடிஞ்சது" என்றார். எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது, பொய் சொல்வானேன். ரவா தோசை நன்றாக இருந்தது.

ஐந்து மணிக்கு அவரோடு சேர்ந்து வீட்டுக்கு நடந்தேன். மனுவை வாங்கிக்கொண்டு, பரிசீலிக்கப்படும் என்று சொல்லி, ஊர்வலத்தாரைக் கலைந்து போகச் சொல்லிவிட்டார்கள். அவர்கள் வந்த வழியே சின்னச் சின்னக் கூட்டமாகத் திரும்பிக்கொண்டிருந்தார்கள். வலியசாலை மூலை தெரிந்ததும் அத்திம்பேர் நின்றுவிட்டார்.

பந்தலில் ஓலைத் தட்டி இல்லை. அவிழ்த்துச் சுவரில் சாத்தியிருந்தது. பெஞ்சு ரோட்டோரத்தில் கிடந்தது. அதில் ஊர்வலத்தார் உட்கார்ந்திருந்தார்கள்; இடம் இல்லாதவர்கள் தரையில். அக்கா நடுவில் நின்று டம்ளரில் மோரை மொண்டு கையில் கொடுத்துக்கொண்டிருந்தாள். காலையில் பேசின அந்த ஸ்திரீ குடித்துவிட்டு, டம்ளரைக் கழுவுவதற்குத் தண்ணீர் எங்கே என்று பார்த்தாள். அக்கா அதைக் கையிலிருந்து வாங்கி, அப்படியே பானையில் மொண்டு அடுத்தவருக்கு நீட்டினாள். கோயில் வாசலில் காலையில் நின்ற அதே மனிதர்கள் பார்த்துக்கொண்டு நின்றார்கள். போலீஸ்காரர்களும் ஆலமரத்தடியிலேயே இருந்தார்கள்.

அத்திம்பேருக்குப் பின்பக்கச் சந்து வழியாக வீட்டுக்குப் போக வழி உண்டு. அந்தச் சந்தை ஒரு தரம் பார்த்தார். "ஒரு சொட்டுப் போகலைன்னு சொல்லிட்டு வந்திருக்கேன்டா" என்று மெல்லச் சொன்னார். பிறகு குடையை மடக்கிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, ரோட்டோடு நேராக நடந்தார். பந்தல் முன்னால் வந்தவருக்கு அக்கா, எல்லோருக்கும் போல, ஒரு டம்ளரை நீட்டினாள்.

"ஆத்திலே குடிச்சுக்கறேன்" என்றார். கூட்டத்தில் யார் காலையும் மிதிக்காமல் பார்த்துப் பார்த்துக் கடந்து வீட்டுக்குள் போனார். அன்று இரவுச் சாப்பாட்டின்போது நான் மட்டும் வடகம் நன்றாகப் பொரிந்திருக்கிறது என்று ஒரு தரம் சொன்னேன்.

மறுநாள் காலை வழக்கத்தைவிடச் சீக்கிரம் ஆபீசுக்குப் போனவர், மேலதிகாரியிடம் தாமே போய், "நேற்று மூன்று மணிக்கு நான் சொன்னது அந்த நேரத்துக்குச் சரி. ஐந்து மணிக்கு மேல் நிலைமை மாறிவிட்டது. எழுதியதைத் திருத்திக்கொள்ள வேண்டும்" என்று சொல்லியிருக்கிறார். யாரும் கேட்காமலே. போலீஸ் மூலம் எப்படியும் தெரிந்திருக்கும் என்பது வேறு விஷயம். எதற்காக வலியப் போய்ச் சொன்னீர்கள் என்று கேட்டதற்கு, "பொய்யான எண்ட்ரி எப்படிடா அப்படியே கிடக்கும்?" என்று என்னைத்தான் ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

தலைமைக் குமாஸ்தா வேலை வேறொருவருக்குப் போயிற்று. அத்திம்பேரைத் திருவாங்கூரின் மலைக்கு இப்பால் எல்லையான செங்கோட்டைக்கு மாற்றினார்கள். தெருப் பெரியவர்கள் பந்தல் முறையிலிருந்து அக்கா வீட்டை நீக்கிவிட்டார்கள். அதன் பிறகும் வெயில் தணியும்வரை பந்தல் நடந்தது, தட்டியும் பாத்தியும் மறுபடி ஏறின. ஆனால் ரோட்டில் போகிற நெசவுக்காரர்கள் அங்கே நிற்பதை விட்டுவிட்டார்கள் என்று கேள்வி.

இந்த வழியில் போகிறவர்களுக்குச் சில வார்த்தைகள். சித்திரையைவிடக் கார்த்திகை, மார்கழி நல்லது. சர்க்கார் பஸ்ஸில் இடது பக்க ஜன்னல் பிடித்தால் போகும்போது வெயில் குறைவு. தம்பானூரில் ஒரு நாளைக்குப் பதினாலு சக்கரத்துக்குக் காற்றோட்டமான அறை கிடைக்கும். சிவப்பரிசிச் சாதம் முதல் நாள் சங்கடப்படுத்தும், இரண்டாம் நாள் பழகிவிடும். ஜனங்களின் அபிப்பிராயத்தைக் கேட்டுக்கொண்டு போவதானால், தாராளமாகக் கேளுங்கள். எல்லோரிடமும் ஒன்று தயாராக இருக்கும். நான் பஸ்ஸிலும் மண்டியிலும் கிளப்பிலும் ஒருவர் விடாமல் கேட்டேன். மூன்று நாள் சாப்பாடு போட்டவளை மட்டும் கேட்கவில்லை என்பது ரயிலில் செங்கோட்டைக்குப் போய்க்கொண்டிருந்தபோதுதான் உறைத்தது.

அது போன மாதம். திருநெல்வேலியிலிருந்து காலை வண்டி ஏறினால் மத்தியானச் சாப்பாட்டுக்குச் செங்கோட்டை போய்விடலாம். மலையடிவாரத்தில் சின்ன வீடு. வலியசாலையில் விட்டதில் பாதிகூட இல்லை. அத்திம்பேர் சம்பளமும் ஏறாமல் அப்படியே நின்றுவிட்டது. சாப்பிட்டு முடித்ததும், அவர் பக்கத்தில் பாக்கு வெட்டிக்கொண்டிருக்க, அக்காவிடம் கேட்டேன். "அந்த ஊர்வலத்தைப் பற்றி நீ என்ன நினைக்கிறாய்?"

"நூல் விலையும் கூலியும் நேக்கு என்னடா தெரியும்? அவ டம்ளரைக் கேட்டா. இருந்தது. இருந்தும் குடுக்கலை. சாயங்காலம் வரைக்கும் அந்தப் பெஞ்சிலே உக்காந்து நான் யோசிச்சதெல்லாம் அவ்வளவுதான்."

"அத்திம்பேருக்கு வேலையே போயிருந்தால்?"

"போயிருந்தா நாங்களும் அடுத்த தரம் அவா கூட நடந்திருப்போம்" என்றாள் அக்கா.

நான் அத்திம்பேரைப் பார்த்தேன். பாக்குவெட்டியைக் கீழே வைத்தார். "செங்கோட்டையிலேர்ந்து நடக்கறதுன்னா ரொம்ப தூரமாச்சே. வழியிலே தாகத்துக்கு என்ன பண்றது?" என்று அவளிடம் கேட்டார்.